எஃப் நைன் அமுக்கினா சிங்காரவேலு

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், பரவால்ல. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அது பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வர்றவங்களுக்கு. ஆடும். ஆடுனாத்தான் ஆளு நிமிந்து உக்காருவான். நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன்.

ஆலங்குடியில ஸ்டுடியோ வச்சிருக்கேன்னீங்க. சந்தோஷம். ஃபோட்டோ சரிபண்ற சாஃப்ட்வேர மாத்தலாமா வேணாமான்னு, இந்தப் பேராவூரணி வைரக்கண்ணுவக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு பஸ் ஏறி வந்திருக்கீங்க பாருங்க, அந்த மரியாதை ஒண்ணு போதும் எனக்கு. மாத்துறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது நாலு விஷயம் இருக்கு. நாலையும் வரிசையாச் சொல்லிடுறேன். நீங்க நாலரை பஸ்ஸப் புடிச்சிடலாம்.

மொத விஷயம் கைப்பழக்கம். பதினேழு வருஷமா பழைய சாஃப்ட்வேர்ல வேல பாத்த கையி இது. எந்தப் பட்டன் எதுக்குன்னு எனக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். மரு எடுக்கணும்னு நான் நெனைக்கிறதுக்குள்ள கை எடுத்துட்டு அடுத்த மருவுக்குப் போயிருக்கும். புதுசுக்கு மாறுன அன்னிக்கு ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மரு எடுக்குறேன்னு பழக்கத்துல அமுக்கினேன், மூக்கு போயிடுச்சு. நல்ல மூக்கு. சரி, அது சின்ன விஷயம், திருப்பி வச்சுட்டேன்.

ரெண்டாவது விஷயம் சிங்காரவேலு.

யாருன்னு கேக்குறீங்களா. நம்ம வடக்குத்தெரு மலர்க்கொடியோட வீட்டுக்காரரு. குவைத்துல கிரேன் ஓட்டுறாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு மாசம் லீவு. அந்த லீவ எப்பக் குடுப்பான்னு நெனைக்கிறீங்க? அங்க வெயில் கொளுத்துற மாசம், மத்தியானத்துல வேலையே நடக்காதாம், அப்பத்தான் குடுப்பானாம். அது இங்க ஆடி மாசம். ஆடியில நம்ம ஊருல என்ன நடக்கும் சொல்லுங்க. கல்யாணம் உண்டா, காதுகுத்து உண்டா, புதுமனை உண்டா? மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துவாங்க. அதக் குடிச்சிட்டு மனுஷன் திரும்ப ஏரோப்ளேன் ஏறிடுவாரு. ஆக பதினேழு வருஷத்துல சொந்த வீட்டு விசேஷம் ஒண்ணுலகூட அவரு நின்னதில்ல.

அதுல மொத விசேஷம் அவங்க பொண்ணு இலக்கியாவுக்குக் காதுகுத்து. புள்ளைக்கு அஞ்சு வயசு. எல்லாரையும் வரிசையா நிறுத்தி நான் கேமராவத் தூக்குறேன், மலர்க்கொடி கண்ணத் தொடச்சுக்குது. என்னம்மான்னேன். "எல்லாரும் இருக்காங்கண்ணே, அவரு மட்டும் இல்லையே"ங்குது. எனக்கு மனசு தாங்கல. நான் எளகுன மனசுக்காரன், அதுதான் என் வியாதி. "அழாத தங்கச்சி, உன் பக்கத்துல ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் விட்டு நில்லு. நான் கொண்டாந்து நிறுத்துறேன்"னேன்.

அதுக்கு முந்துன ஆடியில அவரு இங்கதான் வந்து படம் எடுத்துக்கிட்டாரு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்ட, சுருட்டை முடி, முப்பத்திநாலு வயசு. அந்தப் படத்துலேர்ந்து ஆளை மட்டும் வெட்டி எடுத்து, மலர்க்கொடி பக்கத்துல வச்சு, காலுக்குக் கீழ நெழலும் போட்டுக் குடுத்தேன். அந்தப் புள்ள ஃபோட்டோவக் கையில வாங்கிட்டு அரை மணி நேரம் இந்தப் படியிலயே உக்காந்திருந்துச்சு. அடுத்த லீவுக்கு அவரு வந்தப்போ நானே கூப்பிட்டு நிக்க வச்சு, நேர் போஸ், சைடு போஸ், உக்காந்த போஸ்னு மூணு எடுத்து, மூணையும் தனித்தனி லேயரா வெட்டி ஒரே ஃபைல்ல அடுக்கி வச்சேன். லேயர்னா உங்களுக்குத் தெரியும். பின்னாடி சுவரு, தெர ஒண்ணும் இல்லாம ஆளு மட்டும் தனியா இருப்பான், தூக்கி எங்க வேணா வைக்கலாம். அத அப்படியே எஃப் நைன் பட்டன்ல ஏத்திட்டேன். எஃப் நைன் அமுக்கினா சிங்காரவேலு வந்துடுவாரு. நெழலோட வருவாரு.

அப்புறம் அது அந்தக் குடும்பத்துக்கு வழக்கமாவே ஆயிடுச்சு. சடங்கு, தம்பி கல்யாணம், வீடு குடிபோனது, எல்லாத்துலயும் ஒரு ஆள் எடம் விட்டுத்தான் நிப்பாங்க. யாரும் சொல்ல வேணாம், தானா விட்டுடுவாங்க. குறுக்க ஓடுற சின்னப் புள்ளைங்கள, "டேய், பெரியப்பா மேல இடிக்காத"ன்னு அதட்டுவாங்க. ஒரு தடவ மலர்க்கொடியோட சித்தப்பா உலகநாதன் தெரியாம அந்த எடத்துல நின்னுட்டாரு. பெரிய சண்ட. "இல்லாத ஆளுக்கு இருக்குற மரியாதை இருக்குற ஆளுக்கு இல்ல"ன்னு சாப்பிடாமப் போயிட்டாரு. குடிபோன அன்னிக்கு உக்காந்த போஸுக்காகக் காலிச் சேர் போட்டிருந்தோம். ஒரு வாண்டு ஓடிவந்து அதுல ஏறி உக்காந்துடுச்சு. நான் எறக்கிவிடல. அவரு மடியிலயே உக்கார வச்சுட்டேன். வேட்டி மடிப்பு புள்ள தொடைக்குக் கீழ நசுங்குற மாதிரி போட்டேன் பாருங்க, ரெண்டு நாள் வேல. யாருக்குத் தெரியும் அந்த அருமை.

ஒரே ஒரு கஷ்டம். படத்துல மலர்க்கொடிக்கு வயசாகுது, இவருக்கு ஆகல. போன தையில இலக்கியாவுக்கு நிச்சயம் பண்ணுனப்போ, ஒரத்தநாட்டுலேர்ந்து வந்த சம்பந்தி ரெங்கசாமி சுவத்துல இருக்குற படத்தையெல்லாம் பாத்துட்டு, "பொண்ணுக்கு அண்ணன் இருக்காருன்னு தரகரு சொல்லவே இல்லையே"ன்னு கேட்டுட்டாரு. மலர்க்கொடிக்கு மொகம் சுருங்கிப்போச்சு. மறுநாள் வந்து, "கொஞ்சம் நரை போட்டுவிடுங்கண்ணே, இப்ப அவரு இருக்குற மாதிரியே இருக்கட்டும்"னு கேட்டுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். என் கையால ஒரு மனுஷனக் கெழவனாக்க மாட்டேன், தொழிலுக்கு ஒரு தர்மம் இருக்குன்னேன். நான் சொன்னது தப்பா?

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. சக்கர கம்மியா இருக்கும், எனக்குச் சொல்ற மாதிரியே உங்களுக்கும் சொல்லிட்டேன்.

கல்யாணம் வைகாசியில குறிச்சாச்சு. இவருக்கு லீவு வழக்கம்போல ஆடியில. மலர்க்கொடி வந்து இதே சேர்லதான் உக்காந்துச்சு. "இத்தன வருஷம் எப்படியோ போச்சுண்ணே. இது என் பொண்ணு கல்யாணம். தாலி கட்டி முடிச்சதும் எடுக்குற குடும்பப் படத்துல அவரு என் பக்கத்துல நிக்கணும். அது ஒண்ணு போதும் எனக்கு"ன்னுச்சு. "அது என் பொறுப்பு, நீ போயி பொடவ எடுக்குற வேலயப் பாரு"ன்னு அனுப்பி வச்சேன்.

இங்கதான் வருது சாஃப்ட்வேர்.

எதிர்ல ரேகா டிஜிட்டல்னு ஒரு போர்டு தெரியுதா? அமலதாசன் கடை. சித்திரை பொறந்ததும் அந்தப் போர்டுக்குக் கீழ ஒரு வரி புதுசா முளைக்குது, 'அதிநவீன புதிய சாஃப்ட்வேர்'னு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. என் சகலை தட்சிணாமூர்த்தி பட்டுக்கோட்டையில கம்ப்யூட்டர் விக்கிறாரு. அவருகிட்டச் சொன்னேன். "அதே புதுசு உங்களுக்கும் போட்டுவிடுறேன் சகலை, எல்லாத்தையும் அதுவே பண்ணிடும், நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தாப் போதும்"னாரு. வந்தாரு. கம்ப்யூட்டர மொத்தமாத் தொடச்சு எடுத்துட்டுப் புதுசப் போட்டாரு. எங்க வீட்டுல மீன் கொழம்பு சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு.

ஃபைல் எல்லாம் பத்திரமா வேற டிஸ்க்ல இருந்துச்சு, நான் என்ன சின்னப் புள்ளையா. ஆனா புதுசுல சிங்காரவேலு ஃபைலத் தொறந்தேன் பாருங்க, லேயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயி நிக்குது. நேர் போஸ், சைடு போஸ், உக்காந்த போஸ் மூணும் ஒரே எடத்துல. மூணு தல, ஆறு கையி, நடுவுல ஒரு நாற்காலி. பாத்ததும் கையெடுத்துக் கும்புடலாம்னு வந்துச்சு. எஃப் நைன் அமுக்குனேன், ஒரு ஆளாவது நிப்பாருன்னு. இருந்தவரும் மறைஞ்சுட்டாரு. சகலைக்கு ஃபோன் போட்டேன். "பழசு வேற கம்பெனி, புதுசு வேற கம்பெனி, ஒண்ணோட ஃபைல் இன்னொண்ணுல அப்படியே வராது சகலை, இது தெரியாதா"ங்குறாரு. கொழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

வேற வழி இல்ல. குவைத்துக்கு ஃபோன் போட்டேன்.

"சிங்காரவேலு, வைரக்கண்ணு பேசுறேன். ஒரு சின்ன சிக்கல், பதறாதீங்க. நீங்க கெட்டுப்போயிட்டீங்க."

"என்னண்ணே சொல்றீங்க?"

"உங்க ஃபைல் தொறக்க மாட்டேங்குது. மூணு தலையா வர்றீங்க. புதுசா ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பட்டு வேட்டி, வெள்ளச் சுவரு, கையி ஒடம்புல ஒட்டாம இருக்கணும்."

சாயங்காலமே அனுப்புனாரு. பாத்துட்டு எனக்குத் தல சுத்திருச்சு. சுருட்டை முடியக் காணும், முழு வழுக்க. தொப்ப. மூக்குக் கண்ணாடி, அதுல டியூப் லைட்டு. பின்னாடி அடுக்குக் கட்டில்ல எவனோ லுங்கியோட படுத்திருக்கான். திரும்பவும் ஃபோன் பண்ணி உள்ளதச் சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்க, இது சரிப்படாது. பழைய படத்துக்கும் இதுக்கும் ஒட்டவே ஒட்டாது. பாக்குறவங்க வேற ஆளுன்னு நெனைப்பாங்க"ன்னேன்.

அப்புறம் கேட்டாரு, "அப்ப எம்பொண்ணு கல்யாணப் படத்துல நான் இருக்க மாட்டேனாண்ணே?"

"ஃபைல் இல்லாம எப்படி இருப்பீங்க?"

சரிண்ணேன்னு வச்சுட்டாரு. நியாயமாத்தான பேசியிருக்கேன்?

ஆனா நான் சும்மா இருக்குற ஆளு இல்ல. வாக்குக் குடுத்தாச்சு. பழைய சாஃப்ட்வேர் எங்க கெடைக்கும்னு அறந்தாங்கி அலைஞ்சேன், பட்டுக்கோட்டை அலைஞ்சேன், புதுக்கோட்டை வரைக்கும் போனேன். எல்லாரும் மாத்திட்டேங்குறாங்க. கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. கடைசியில மானத்த மூட்ட கட்டி வச்சுட்டு, இந்த ரோட்டத் தாண்டி அமலதாசன் கடைக்கே போனேன். பதினோரு வருஷமா அவன் கூடப் பேச்சுவார்த்த இல்ல. "உன் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது பரண்ல கெடக்கா"ன்னேன். அவன் முழிக்கிறான். "பரண்ல எதுக்குண்ணே, நான் அதுலதான வேல பாக்குறேன்."

"போர்டுல புதுசுன்னு எழுதியிருக்க?"

"போர்டுதாண்ணே புதுசு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனைச்சுப் பாருங்க. இருந்தாலும் கோவத்த அடக்கிட்டு டிஸ்க மாட்டித் தொறந்தேன். மூணு போஸும் தனித்தனியா, முடி கலையாம வந்து நிக்குது. கண்ணு கலங்கிடுச்சுண்ணே எனக்கு. சத்தியமா. எதிரி கடையில நின்னுக்கிட்டு, "வந்துட்டியாப்பா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அமலதாசன் எனக்குத் தண்ணி குடுத்தான். கல்யாணம் முடிஞ்சதும் இங்கயே வந்து அவரப் படத்துல சேத்துக்குங்கண்ணேன்னான். இப்ப நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்.

குவைத்துக்குச் சொன்னீங்களான்னா கேக்குறீங்க? எதுக்கு? ஃபைல்தான் கெடைச்சிருச்சே.

கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டி முடிச்சாச்சு. குடும்பப் படம். மேடையில பொண்ணு மாப்ள, சம்பந்திங்க, மாமன் மச்சான் எல்லாத்தையும் நிறுத்துறேன். மலர்க்கொடி மாம்பழக் கலர் பட்டுல, பக்கத்துல கரெக்டா ஒரு ஆள் எடம் விட்டு நிக்குது. "யாரும் கண்ணக் கொட்டக்கூடாது, தல திருப்பக்கூடாது, என்னையே பாருங்க"ன்னு சத்தம் போட்டு, கேமராவுல கண்ண வைக்கிறேன். வச்சா, அந்த எடத்துல ஒரு வழுக்கத் தல நிக்குது. எங்கேர்ந்து வந்தான்னே தெரியல. பின்பக்கப் படி வழியா ஏறியிருக்கணும். கசங்குன பேண்ட்டு, வேர்வ, தோள்ல ஒரு பை. மலர்க்கொடி பாக்கல, நான்தான் திரும்பக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனே.

எனக்குப் பழைய உலகநாதன் சண்ட ஞாபகம் வந்துடுச்சு. கையாலயே சாடை காட்டுனேன், "யோவ், எறங்குய்யா, அது ஒருத்தர் நிக்கிற எடம்"னு. அந்த ஆளு என்னையப் பாத்தாரு. என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. "எறங்குய்யா"ன்னு இன்னொரு தடவ சொன்னேன். சத்தம் போடாம எறங்கிட்டாரு. எறங்கி என் பக்கத்துலயே வந்து நிக்கிறாரு. சும்மா நிக்கிற ஆளு, லைட்டப் புடிக்கட்டுமேன்னு கையில குடுத்தேன். "அந்தக் காலி எடத்துல வெளிச்சம் விழுற மாதிரி புடிங்க"ன்னேன். நல்லாப் புடிச்சாரு, கிரேன் ஓட்டுற கையில்ல, கொஞ்சம்கூட ஆடல. படம் பிரமாதமா வந்துச்சு.

லைட்ட அணைச்சதும் மலர்க்கொடி கண்ணக் கசக்கிட்டு இந்தப் பக்கம் பாக்குது. பாத்துட்டு, மேடையில மாப்ள வீட்டுக்காரங்க நிக்கிறாங்கன்னுகூடப் பாக்காம, பொடவயத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எறங்கி ஓடிவருது. எனக்கு அப்பவும் வெளங்கல.

"அண்ணே, அவரு வந்துட்டாரு"ங்குது.

"இன்னும் வரலம்மா, சாயங்காலம் அமலதாசன் கடையில போயி வரவழைச்சுடுறேன்"னேன்.

"இல்லண்ணே, இதோ, நெசமாவே வந்துட்டாரு"ன்னு அந்த வழுக்கத் தலையத் தொட்டுத் தொட்டுக் காட்டுது. லீவு குடுக்கலேன்னா வேலையே வேணாம்னு கம்பெனியில சண்ட போட்டு, பதினஞ்சு நாளு வாங்கிட்டு வந்திருக்காரு மனுஷன். திருச்சியில எறங்குனப்பவே நல்லா விடிஞ்சிடுச்சாம், இங்க வந்து சேர்றதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிருச்சு. டிக்கெட் கடைசி வரைக்கும் உறுதியாகல, ஆச காட்டி ஏமாத்தக்கூடாதுன்னு யாருகிட்டயும் சொல்லலயாம். சொல்லாம வந்தா நான் என்னண்ணே பண்ணுவேன்? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல?

"இன்னொரு தடவ எடுங்கண்ணே, இவர நிக்க வச்சு"ன்னு கெஞ்சுது. அதுக்குள்ள சம்பந்தி வீடு மொத்தமும் பந்திக்குப் போயிடுச்சு. பொண்ணும் மாப்ளையும் எலையில உக்காந்தாச்சு, அப்புறம் நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒரத்தநாட்டுக்குக் கெளம்பணும். எனக்கும் ஆவுடையார்கோயில்ல ஒரு வரவேற்பு. "எதுக்கும்மா எல்லாரையும் சாப்பாட்டுலேர்ந்து எழுப்பிக்கிட்டு? அவரு படத்துல இருக்காரு, நான் பாத்துக்குறேன்"னு சொல்லிட்டு பந்தியப் படம் எடுக்கப் போயிட்டேன். சிங்காரவேலுவும், "விடு மலரு, அண்ணன் பாத்துக்குவாரு"ன்னுட்டாரு. தங்கமான மனுஷன்.

அமலதாசன் கடையில உக்காந்து, அங்கயும் எஃப் நைன்ல ஏத்தி அமுக்கி, நேர் போஸ நிறுத்துனேன். வெளிச்சம் அந்த எடத்துல அவ்வளவு அழகா விழுந்திருந்துச்சா, நெழலே புதுசாப் போட வேண்டியதில்லாமப் போச்சு.

ஒண்ணு ஒத்துக்கணும், புதுசுலயும் ஒரு நல்லது இருக்கு. படத்துல வேண்டாத ஆளுங்கள அதுவே கண்டுபுடிச்சுச் செவப்புக் கோடு போட்டுக் காட்டும். ஆமான்னு அமுக்கினா ஆளு இருந்த எடமே தெரியாது. கல்யாணப் படங்கள அதுல ஓட்டுனேன். பொண்ணு காலுல விழுந்து கும்புடுறப்போ ஒரு பேண்ட்டுப் போட்ட வழுக்க. பந்தியில பரிமார்றப்போ ஒரு வழுக்க. கார்ல ஏத்திவிட்டுக் கண்ணத் தொடைக்கிறப்போ ஒரு வழுக்க. ஆறு படத்துல செவப்புக் கோடு. எனக்கும் தெரியும் அது யாருன்னு, தெரியாம இல்ல. ஆனா யோசிங்க, ஒரே ஆல்பத்துல ரெண்டு சிங்காரவேலு இருந்தா நல்லாவா இருக்கும்? சம்பந்தி கேக்க மாட்டாரா? ஆமான்னு அமுக்கிட்டேன். ஆறையும் எடுத்துட்டு, அங்கங்க சுருட்டை முடியக் கொண்டாந்து வச்சேன். அழகான ஆல்பம்.

குடுத்துட்டு வந்த மறுநாளே ரெண்டு பேரும் வந்துட்டாங்க. ஆல்பத்த இந்த மேசையில வச்சாங்க. மலர்க்கொடிக்குக் கோவம்னா அப்படி ஒரு கோவம், நான் பாத்ததே இல்ல.

"அண்ணே, எங்க இவரு?"

"இதோ நிக்கிறாரேம்மா."

"இது இல்ல. இவரு எங்கன்னு கேக்குறேன். என் பொண்ணு இவரு காலுல விழுந்தப்போ நான் பக்கத்துல நின்னேன். என் கண்ணால பாத்தேன். இதுல அது யாரோ ஒரு புள்ளையாண்டான் காலுல விழுந்துகிட்டு கெடக்கு."

"இதுவும் அவருதானம்மா"ன்னேன். அது ஆல்பத்த அவரு பக்கம் தள்ளிவிட்டுச்சு. சிங்காரவேலுதான், "நல்லாத்தாம்மா பண்ணியிருக்காரு"ன்னு ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. தன் எளவயசப் பாக்க யாருக்குத்தான் பிடிக்காது? அப்படித்தான் நெனைச்சேன். கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு, அது ஏன்னு தெரியல.

செல்ஃபோன்ல யாரும் எடுத்திருப்பாங்களேன்னு கேப்பீங்க. எடுத்திருக்காங்க. பாதி தல, ஒரு காது. அதெல்லாம் ஒரு படமா?

சரி, தப்பு யாரு மேல இருந்தாலும் பரிகாரம் நான்தான பண்ணணும். "உள்ள வாங்க சிங்காரவேலு, பச்சைத் தெரைக்கு முன்னாடி நில்லுங்க, ஒரு நேர் போஸ் எடுத்துக்கிறேன். வழுக்கையோடயே ஆறு படத்துலயும் வச்சுக் குடுத்துடுறேன்"னேன். எவ்வளவு எறங்கி வந்தேன் பாருங்க. அவரு போயி நின்னாரு. பழகுன ஆளுல்ல, சொல்லாமலே கைய ஒடம்புலேர்ந்து தள்ளி வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் எடம் விட்டு நிக்கிறாரு.

கேமராவத் தூக்குறேன், மலர்க்கொடி விறுவிறுன்னு போயி அவரு பக்கத்துல ஒட்டி நின்னுச்சு.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒட்டி நின்னா வெட்ட முடியாது."

"வெட்டாதீங்கண்ணே."

"லேயர் வராதும்மா."

"வர வேணாம். நாங்க எப்படி நிக்கிறோமோ அப்படியே எடுங்க. ஒரு மசுரத் தொடக்கூடாது."

எடுத்தேன். ஒரே கிளிக். மரு எடுக்கல, வழுக்கையில அடிச்ச லைட்டக்கூடக் கொறைக்கல. என் வேலைன்னு அதுல ஒண்ணுமே கெடையாது. அந்தப் படம் இப்ப அவங்க வீட்டு முன்கூடத்துல மாட்டியிருக்கு, கீழ என் கடை பேரோட. நான் பதினேழு வருஷமா செஞ்சதெல்லாம் பொட்டியில போட்டுப் பரண் மேல ஏத்தியாச்சாம். பாக்குறவன் என்னையப் பத்தி என்ன நெனைப்பான், சொல்லுங்க. அந்தப் படத்த எடுத்து அஞ்சாம் நாளு சிங்காரவேலு குவைத்துக்குப் போயிட்டாரு. மலர்க்கொடி என் கடைப் பக்கம் வர்றதில்ல, வழியில பாத்தா மட்டும் நல்லாருக்கீங்களாண்ணேன்னு கேக்கும்.

மூணாவது விஷயம் சொல்லணும், நாலாவதும் இருக்கு, மறக்கல. இருங்க, இத முடிச்சுடுறேன்.

நாளைக்கு அந்த இலக்கியாப் புள்ளைக்கு வளைகாப்பு வரும். அது பங்குனியில வருமோ ஐப்பசியில வருமோ, ஆடியில வராது. அன்னிக்கும் இவரு அங்கதான் இருப்பாரு. வந்து கேட்டா நான் என்னத்த வைக்கிறது? பழைய முகம் வேணாம்னுட்டாங்க. அதனால அந்த ஒரு படத்துலேர்ந்து அவர மட்டும் வெட்டி லேயரா வச்சுடலாம், தேவைன்னு வர்றப்போ கையில இருக்கும்னு, யாரும் கேக்காமலே உக்காந்தேன். மூணு நாளு உக்காந்திருக்கேண்ணே. பழசுல பாத்தேன், புதுசுல பாத்தேன், அமலதாசனக் கூப்பிட்டும் பாக்கச் சொன்னேன். அவரு முழங்கைக்கு மேல சட்ட கசங்குற அளவுக்கு இறுக்கிப் புடிச்சிருக்கு பக்கத்துல ஒட்டி நின்ன அந்தப் புள்ள. எந்தப் பக்கமா வெட்டுனாலும் மலர்க்கொடியோட நாலு வெரலு அவரு கையோடயே வந்துடுது.